முடிவைச் சொல்லக் கூடாது

யாராவது என்னிடம் வந்து, "இப்ப என்ன படிச்சீங்க, நான் படிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டால், அந்தக் கதையில் யார் சாகிறார்கள், எத்தனையாவது அதிகாரத்தில் சாகிறார்கள் என்பதைத்தான் முதலில் சொல்வேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. கேட்டவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். "எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் நான் என்னத்தைப் படிக்கிறது?" என்று என் எதிரிலேயே சலித்துக்கொண்டவர்கள் உண்டு. சலித்துக்கொள்ளட்டும், எனக்கென்ன. நாவலின் முடிவைச் சொல்லிவிட்டாள் என்பதற்காக ஒரு பெண்மணியோடு பத்து நாள் பேசாமல் இருந்தவள்தான் நானும்.

அது முப்பதுகளில். கல்யாணமாகி வந்த புதிது, எனக்கு இருபத்திரண்டு வயது. மலாயாவில், குளுவாங்கிலிருந்து ஆறு மைல் உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். என் வீட்டுக்காரர் அங்கே கிராணி, அதாவது குமாஸ்தா. விடியுமுன் ஆட்கள் கூடும் பிரட்டுக்குப் போய் அவர்களைக் கணக்கெடுத்தாரானால் மத்தியானம்தான் வீட்டுப் பக்கம் தலைகாட்டுவார். குழந்தை குட்டி இன்னும் இல்லை. இரண்டு பேருக்குச் சமைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஊரிலிருந்து டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்த மூன்று நாவல்களையும் மூன்று மாதத்தில் எட்டு தடவை படித்துவிட்டேன். அப்புறம் அரிசி கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

என்னைக் காப்பாற்றியது பக்கத்து வீடு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரஸ்ஸரின் மனைவி அங்கே இருந்தார். டிரஸ்ஸர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நான்கு பிள்ளைகள். குரலென்றால் அப்படியொரு குரல்; அவர் வீட்டில் பிள்ளையை அதட்டினால் என் வீட்டில் நான் எழுந்து நிற்பேன். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் புத்தகம், இப்படித்தான் படிப்பார். அவரிடம் போய்த் திரும்பிய புத்தகத்தை மோந்து பார்த்தாலே அன்றைக்கு அவர் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம்.

எங்கள் கூட்டில் மூன்றாவது ஆள் ஸ்டேஷன் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கணவர் குளுவாங் ஸ்டேஷனில் கிராணி. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ரயில்வே வீடு. சென்னையிலிருந்து நாங்கள் தருவித்த புத்தகக் கட்டு கப்பலில் சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து ரயிலில் குளுவாங் வந்தது. அதை வாங்கப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். கட்டு ஒரு பக்கம் கிழிந்து, உள்ளே ஒரு நாவலின் மூலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை, அந்த மூலையைப் பார்த்தார்.

"உது நாவலோ, தங்கச்சி?" என்றார்.

கேட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நம்ம ஜாதி. கட்டை அங்கேயே அவிழ்த்து ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதிலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் நடுவே ஒரு பிஸ்கட் டின் போய்வரத் தொடங்கியது. சனிக்கிழமைதோறும் தோட்டத்து லோரி அரிசி, சாமான் எடுக்கக் குளுவாங் போகும். டிரைவர் ஒரு மலாய்க்காரர். முதல் தடவை டின்னைக் குலுக்கிப் பார்த்து, "கூவே?" என்று ஆசையாகக் கேட்டார். பலகாரமில்லை, புத்தகம் என்றோம். "அலமாக்!" என்று சொல்லி ஆசனத்துக்கு அடியில் தள்ளிவிட்டார். பாவமாக இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவருக்கென்று ஒரு பொட்டலம் முறுக்கும் டின்னில் ஏறியது.

டின்னுக்குள் எப்போதும் இரண்டு புத்தகங்கள் போகும். அடியில் நாவல், மேலே சமையல் புத்தகம். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று என் வீட்டுக்காரருக்கு அப்போது ஒரு எண்ணம். அவரே மத்தியானத்தில் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு துப்பறியும் நாவல் படிப்பார். அது கெடுதல் இல்லையாம். அவர் கண்ணுக்காகத்தான் சமையல் புத்தகத்தை மேலே வைத்தோம். வைத்து வைத்து, அதையும் நாவல் போலவே படிக்கிற பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது.

டிரஸ்ஸர் அக்காவுக்குச் சமையல் புத்தகம் எழுதிய அம்மாளோடு தினமும் சண்டை. "இந்தப் பொம்பளையப் பாரேன், எடுத்தவுடனே ஒரு படி நெய்யிங்கறா. யாரு வீட்டு நெய்யி?" என்பார். சென்னையில் அச்சிட்ட புத்தகம் பலம், ஆழாக்கு என்று அளந்து பேசும். குளுவாங் சீனர் கடையில் காத்தி, தாயில் என்று நிறுத்துத் தருவார்கள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் எங்கள் மூன்று பேருடைய பென்சில் எழுத்தும் இருக்கும். எது எவ்வளவு, எது இங்கே கிடைக்காது, கிடைக்காததற்கு எதைப் போட்டுச் சமாளித்தோம் என்று எழுதி எழுதி, அந்த அம்மாளின் புத்தகத்தில் பாதியை நாங்களே எழுதியிருந்தோம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. படித்து முடித்தவர் பின்னட்டையின் உள்பக்கத்தில் அடுத்தவருக்காக ஒரு வரி சிபாரிசு எழுத வேண்டும். "முதல் அம்பது பக்கம் தூக்கம் வரும், அப்புறம் அடுப்பில் சோறு தீய்வதுகூடத் தெரியாது" என்கிற மாதிரி எழுதுவார் டிரஸ்ஸர் அக்கா. "அந்த வக்கீலை நம்பாதீர்கள்" என்கிற மாதிரி நான். ஸ்டேஷன் அக்கா எழுதுவது ஒரே ஒரு சொல். "வாசிக்கலாம்." பிடிக்காவிட்டால், "வேண்டாம்." ரொம்பப் பிடித்துவிட்டால், "நல்லாய் வாசிக்கலாம்." அதற்கு மேல் ஒரு எழுத்து வாங்க முடியாது. நேரில் பேசினாலும் அப்படித்தான். பத்து வார்த்தை நாங்கள் பேசினால் ஒரு "ஓம்" வரும்.

இனி அந்தச் சண்டை. பச்சை அட்டை போட்ட ஒரு துப்பறியும் நாவல். எனக்கு இன்னும் மூன்று அதிகாரம் பாக்கி. வாசல்படியில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிறேன். டிரஸ்ஸர் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என் கையில் பச்சை அட்டையைப் பார்த்ததும், "ஏண்டி, இன்னும் முடிக்கலியா? கொன்னது அந்தச் சமையக்காரன்தான்!" என்று தோட்டம் முழுவதும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார்.

நான் எழுந்தேன். உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். பத்து நாள் திறக்கவில்லை. அதாவது கதவைத் திறந்தேன், வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரரும் டிரஸ்ஸரும் சமாதானம் பேசிப் பார்த்தார்கள். "ஒரு கதைக்காடி இப்படி?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "உங்க துப்பறியும் நாவலோட கடைசிப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போட்டா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டுப் போய்விட்டார். கடைசியில் டின்னுக்குள் ஒரு துண்டுக் காகிதம் வந்தது. ஸ்டேஷன் அக்காவின் கையெழுத்து: "இரண்டு பேரும் கதையுங்கோ. இல்லாவிட்டால் எனக்குப் புத்தகம் வராது." அவர் அத்தனை சொற்கள் எழுதி அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. சேர்ந்துவிட்டோம்.

சேரும்போது நான் ஒரு சட்டம் போட்டேன். நல்ல தடித்த காகிதத்தில் எழுதி, சோற்றுப் பருக்கையால் டின் மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். "முடிவைச் சொல்லக் கூடாது. நடுவையும் சொல்லக் கூடாது. மீறினால் புத்தகம் இல்லை." டிரஸ்ஸர் அக்கா அதைப் படித்துவிட்டு, "ஆகட்டும் துரைசாணி" என்றார்.

பழி வாங்காமல் விடுவாரா? அடுத்து வந்த சமையல் புத்தகத்தில் மைசூர்ப்பாகு பக்கத்தின் ஓரத்தில், "செய்து பார்த்தேன். முடிவைச் சொல்ல மாட்டேன்" என்று எழுதியிருந்தார். நான் நம்பிச் செய்தேன். அந்தப் புத்தகத்தில் பாகுக்கு அளவே தப்பு. கல்லாகிப்போய்த் தட்டைவிட்டு வரவில்லை. தட்டோடு கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் நான்கும் ஓடி வந்துவிட்டன.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது ஸ்டேஷன் அக்காவுக்கு எட்டாம் மாதம். அதற்கு முன் அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. முதலாவது பதினொரு நாள். இரண்டாவது நான்கு மாதம் இருந்து, காய்ச்சலில் போய்விட்டது. இரண்டும் முன்பு அவர்கள் இருந்த வடக்குப் பக்கத்து ஸ்டேஷனில். இது எனக்குத் தெரியும், டிரஸ்ஸர் அக்காவுக்குத் தெரியும், குளுவாங்கில் எல்லாத் தமிழ் வீட்டுக்கும் தெரியும். யாரும் பேச மாட்டோம். வாயைத் திறந்தால் வயிற்றில் இருப்பதற்குக் கேட்டுவிடுமோ என்று பயம். அவரும் பேசியதில்லை. இந்த முறையாவது தங்க வேண்டுமே என்று நாங்கள் வேண்டாத சாமி இல்லை.

அந்தச் சமயத்தில் ஊதா அட்டை போட்ட ஒரு நாவல் வந்தது. அதில் வருகிற பெண்ணைப் புருஷன் விட்டுவிட்டுப் போய்விடுவான். அவள் சாப்பாட்டுக் கடை வைப்பாள். அவளுக்கும் மாமியாருக்கும் நடக்கிற வாய்ச்சண்டை இருக்கிறதே, படித்து நான் தனியாக உட்கார்ந்து கைகொட்டிச் சிரித்தேன். முதலில் படித்தது டிரஸ்ஸர் அக்கா. பின்னட்டையில், "நடுவில் ஒரு அதிகாரம் வரும். சட்டம் இருப்பதால் சொல்லவில்லை" என்று எழுதியிருந்தார். அதையும் குத்தலென்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, இன்று சொல்லிவிடுகிறேன். கதையில் யாராவது அழத் தொடங்கினால் எனக்குக் கோபம் வரும். கோபமா, பயமா, எதுவோ ஒன்று. பக்கத்தைப் புரட்டிவிடுவேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வருகிற இடத்தில் மறுபடி பிடித்துக்கொள்வேன். ஊதா அட்டையிலும் அப்படி ஓர் இடம் வந்தது. புரட்டினேன். அடுத்த அதிகாரத்தில் அவள் மறுபடி கடையைத் திறந்தாள், நானும் சிரிப்பைத் தொடர்ந்தேன்.

படித்து முடித்ததும் எனக்கு ஸ்டேஷன் அக்கா ஞாபகம்தான் வந்தது. பாவம், தனியாக உட்கார்ந்து நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார், சிரிக்கட்டும் என்று நினைத்தேன். பின்னட்டையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "அக்கா கட்டாயம் படிக்க வேண்டும். வயிறு குலுங்கச் சிரிக்கலாம்." மேலே வைக்கிற சமையல் புத்தகத்தையும் யோசித்து எடுத்தேன். பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சமையல் என்று அதில் ஒரு பகுதி இருந்தது. பூண்டுக் குழம்பு, சுக்கு, மிளகு, லேகியம் என்று எல்லாம் விவரமாக. அந்தப் பக்கத்தில் சிவப்புத் துணிக் கிழிசல் ஒன்றை அடையாளம் வைத்து, புத்தகத்தைத் துணியில் சுற்றி, 'பத்தியச் சமையல்' என்று மேலே ஒரு சீட்டும் செருகினேன். சனிக்கிழமை டின் லோரியில் ஏறியது. எனக்கு என்மேலேயே ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிரஸ்ஸர் அக்கா வந்தார்.

"ஊதா அட்டைய எடுடி. அந்த அழுகை அதிகாரத்தை இன்னொருக்கா படிச்சு ஒரு மூச்சு அழணும் போல இருக்கு."

"ஸ்டேஷன் அக்காவுக்கு நேத்தே அனுப்பிட்டேனே" என்றேன்.

அவர் முகம் போன போக்கை இன்றும் மறக்கவில்லை. "யாருக்கு?"

"ஸ்டேஷன் அக்காவுக்கு. என்ன அழுகை அதிகாரம்?"

"அடிப்பாவி! நீ படிக்கலியா?"

"படிச்சேன். அழுவுற எடத்தைப் புரட்டிடுவேன்."

"பத்தொம்பதாவது அதிகாரம்டி. அவ புள்ள ஜொரத்துல போயிடுது. ஆறு பக்கம் தாயி அழுவுறா. நாலு பெத்தவ நான், எனக்கே தாங்கல."

"ஏங்க்கா சொல்லல?" என்று கத்தினேன்.

"நீதானேடி சட்டம் போட்ட!"

இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஸ்டேஷன் அக்கா சனிக்கிழமை சாயங்காலம் எடுத்திருந்தால் இந்நேரம் பாதி வந்திருப்பார். எடுக்காமல் இருந்தால் தப்பித்தோம். உடம்பு முடியாமல் படுத்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த நிமிஷமே, ஐயோ அப்படி வேண்டலாமா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு லோரி ஸ்டேஷனுக்குப் போகவிருந்தது. நானும் ஏறப்போகிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஏன் என்றார். சொன்னேன். நாவல் படிப்பதைப் பற்றி ஏதாவது சொல்வார், திருப்பிக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் உள்ளே போய்த் தன்னுடைய குடையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

டிரஸ்ஸர் அக்கா பிள்ளைகளைப் புருஷனிடம் தள்ளிவிட்டு லோரிக்கு முன்னால் வந்து நின்றார். "நானும் வரேன். எழுதின எழுத்துல ரெண்டு வார்த்தை கூட எழுதித் தொலைச்சிருக்கலாம்ல நான்" என்றார்.

ஆறு மைல்தான். அன்றைக்கு என்று மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பாலத்துக்குப் பக்கத்தில் செம்மண் பாதை கரைந்து, முன்னால் போன மாட்டு வண்டி ஒன்று புதைந்து நின்றது. அதைத் தள்ளி எடுக்கும்வரை லோரி நகரவில்லை. டிரைவர் நிதானமாக எங்கள் முறுக்கைத் தின்றுகொண்டிருந்தார். எனக்கு அவர் கையிலிருந்து பிடுங்கி எறியலாம் போல ஆத்திரம்.

"அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் என்னக்கா பண்ணுவேன்?"

"வாயக் கழுவு" என்றார் டிரஸ்ஸர் அக்கா. ஆனால் என் கையைப் பிடித்த பிடியை அவர் விடவில்லை.

ரயில்வே வீட்டு வாசலில் ஸ்டேஷன் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. கண் சிவந்திருந்தது. மடியில் வயிற்றுக்கு முன்னால் ஊதா அட்டை, மூடியபடி.

"என்ன ரெண்டு பேரும் நனைஞ்சுபோய் வாறியள்?" என்றார்.

"அக்கா, அந்தப் புத்தகத்தைக் குடுத்துருங்க" என்றேன்.

"ஏன்?"

"அது வேணாங்க்கா. வேற கொண்டு வரேன்."

"நான் நேற்றே வாசிச்சு முடிச்சிட்டன், தங்கச்சி."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். "எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா தெரியாது. நான் அந்த அதிகாரத்தைப் படிக்கவே இல்ல" என்று அழுதேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "வாசியாமலோ எனக்குக் கட்டாயம் எண்டு எழுதினனீர்?"

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் என்னை எப்போதும் 'நீர்' என்றுதான் கூப்பிடுவார்; முதலில் சிரிப்பாக இருக்கும், பிறகு பிடித்துப்போனது. அன்றைக்கு அந்தச் சொல் சுட்டது. தலையாட்டினேன்.

"அந்த ஆறு பக்கத்தையும் நான் நாலு தரம் வாசிச்சன்" என்றார் அவர்.

டிரஸ்ஸர் அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்ததை நான் பார்த்த முதல் தடவை அது.

"மூத்தவன் போன அண்டைக்கு மாமி சொன்னா, அழாதை, உடம்பு கெட்டுப்போம், அடுத்தது வரும் எண்டு. ரெண்டாவது போய் ஒரு கிழமைக்குள்ளை இவருக்கு இங்கை மாற்றம் வந்திட்டுது. சாமான் கட்டோணும். எங்கை இருந்து அழுறது? இங்கை வந்தால் ஒருதருக்கும் என்னைத் தெரியாது. தெரிஞ்ச பிறகும் ஒருதரும் கேக்கேல்லை. உந்தப் புத்தகத்திலை அவள் ஆறு பக்கம் அழுறாள். ஒருதரும் அவளை நிப்பாட்டேல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நேற்று முழுக்க அழுதன். இவர் முதல்லை பயந்துபோனார். பேந்து அவரும் பக்கத்திலை வந்து இருந்து அழுதார்."

அவர் அத்தனை பேசி நாங்கள் கேட்டதே இல்லை. புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைத் திறந்து என்னிடம் நீட்டினார். வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்ற என் அசட்டு எழுத்துக்குக் கீழே அவருடைய எழுத்து. 'வாசிக்கலாம்' என்று இல்லை. இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்றின் கீழ் ஒன்றாக, இரண்டு பிள்ளைகளின் பெயர்கள்.

"பேர் வச்சனாங்கள்" என்றார். "ஒருதரும் கேக்கேல்லை."

டிரஸ்ஸர் அக்கா அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படித்தார். அவருடைய பெரிய குரலை அடக்கிக்கொண்டு, ஒரு தடவை, இன்னொரு தடவை. ஸ்டேஷன் அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை அவருடையவை.

கிளம்பும்போதுதான் அவர் உள்ளே போய் பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். அதற்குள் சமையல் புத்தகம், நான் சுற்றிய துணிகூடப் பிரிக்காமல் இருந்தது. சிவப்புக் கிழிசலின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"உதைக் கொண்டு போம். உதைத்தான் என்னாலை திறக்க ஏலாது."

எனக்கு விளங்கவில்லை. அவர் கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "மூத்தவன் போனது பதினொராம் நாள். பெத்த உடம்பு எண்டு முப்பத்தொராம் நாள் வரைக்கும் பத்தியத்துக்குச் சரக்குக் கறி அரைச்சு அரைச்சுத் தந்தவை. மடியிலை பிள்ளை இல்லாமல் அந்தக் கறியைச் சாப்பிட்டிருக்கிறன் நான். இந்த முறை அந்தப் பக்கத்தைப் பார்க்கவே பயமாக் கிடக்கு."

நாவலைப் பிடுங்கத்தான் நான் மழையில் ஓடி வந்தேன். அவரைப் பயமுறுத்தியது நாவல் இல்லை, நான் பெருமையோடு அடையாளம் வைத்து அனுப்பிய சமையல் புத்தகம். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் சொல்லி முடியாது.

டிரஸ்ஸர் அக்காதான் டின்னை வாங்கிக்கொண்டார். "நீங்க படிக்கவே வேணாம். நாங்க படிச்சுக்கறோம். நேரம் வரும்போது ஆக்கிக் கொண்டாந்து வாசல்ல வைப்போம். நீங்க சாப்பிட்டா போதும்" என்றார்.

ஸ்டேஷன் அக்கா தலையை நிமிர்த்தினார். "ஓம்" என்றார்.

ஊதா அட்டையையும் அவர் என்னிடமே கொடுத்தனுப்பியிருந்தார்; வீட்டுக்கு வந்து ஈரப் புடவைகூட மாற்றாமல் பத்தொன்பதாம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு பக்கத்தையும் புரட்டாமல் படித்தேன். டின் மூடியில் ஒட்டியிருந்த சட்டத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பாதிதான் வந்தது. 'கூடாது' மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது.

மழை விட்ட பிறகு ஒரு காலையில் லோரி டிரைவர் தோட்டத்து வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். "அனாக் பெரெம்புவான்! அனாக் பெரெம்புவான்!" பெண் குழந்தை. டிரஸ்ஸர் அக்கா கையிலிருந்த கரண்டியோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். என் புடவையெல்லாம் சாம்பார்.

அன்று முதல் நானும் அவரும் முறை வைத்துச் சமைத்தோம். புத்தகத்தில் இருந்தபடி ஒரு நாள், ஸ்டேஷன் அக்கா வீட்டுச் சரக்குக் கறி எப்படியென்று அவர் கணவரிடம் கேட்டெழுதி அதன்படி ஒரு நாள். அப்போது லோரி தினமும் ஷீட் ஏற்றிப்போனது. தூக்குப்பாத்திரத்தைத் துணியில் சுற்றி அதே பிஸ்கட் டின்னில் வைத்து அனுப்புவோம். திரும்பும்போது கழுவிய பாத்திரம் வரும். குழந்தை எப்படி என்று ஒருவரும் கேட்டு எழுத மாட்டோம். பாத்திரம் வந்தால் சரி.

பதினோராம் நாள் என் முறை. மிளகை இரண்டு தடவை தீயவிட்டு மறுபடி வறுத்தேன். அன்றைக்கு டிரஸ்ஸர் அக்கா என் அடுப்படியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். பாத்திரம் போயிற்று. சாயங்காலம் லோரிச் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் ஒரே ஓட்டமாக ஓடினோம். டின்னைத் திறந்தால், கழுவித் துடைத்த பாத்திரம். பன்னிரண்டாம் நாளும் வந்தது. பதிமூன்றாம் நாளும். முப்பத்தொன்றும் கழிந்தது.

நான்கு மாதம் ஆகும்வரை அவர் ஒன்றும் எழுதவில்லை. நாங்களும் நாளை எண்ணிக்கொண்டிருந்தோம். நான்கு மாதமும் கடந்து ஒரு வாரமானபோது டின்னில் ஒரு துண்டுக் காகிதம் வந்தது: "அந்தச் சமையல் புத்தகத்தை இனி அனுப்பலாம்." அனுப்பினோம். அடுத்த சனிக்கிழமை திரும்பி வந்தது. சிவப்புக் கிழிசலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குழந்தைச் சட்டையின் நாடாவை அடையாளமாக வைத்திருந்தார்.

பின்னட்டையைத் திறந்தேன். ஒரு பெயர் எழுதியிருந்தது. மூன்றாவது பெயர். அதன் கீழே:

"முடிவைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். பிள்ளை இருக்கிறாள்."

டிரஸ்ஸர் அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பாத்தியாடி, சட்டத்த மீறிட்டாங்க. பத்து நாள் பேசாம இருக்கப்போறியா?" என்றார்.

அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.